மழைக்குப் பின்னும் ஓடிய டேங்கர்

அந்தக் கோடையின் முதல் பெருமழை பெய்த மறுநாள் காலை நான் அலுவலகத்துக்குள் நுழையும்போதே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. அது புதிதில்லை. மாதக்கணக்காக அது ஓய்ந்ததே கிடையாது. ஆனால் முந்தின நாள் வரை எல்லோரும் கேட்டது, தண்ணீர் எப்போது வரும் என்று. அன்று காலை முதல் ஆள் கேட்டது, தடையை எப்போது எடுக்கப் போகிறீர்கள் என்று. அடுத்தவரும் அதையேதான் கேட்டார். அதற்கடுத்தவரும்.

தண்ணீர் இலாகாவில் புதிதாகப் பொறியாளர் வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். குழாய், பம்பு, வால்வு பற்றியெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. எந்தத் தெருவில் எவ்வளவு அழுத்தம் என்று நீங்கள் கைப்பேசியிலேயே பார்க்கிறீர்கள். வறட்சி பற்றிச் சொல்லவும் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல நினைப்பது வறட்சி முடிந்துவிட்டது என்று எல்லோரும் சொல்ல ஆரம்பித்த பிறகு வந்த வாரங்களைப் பற்றி. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் இப்போதும் அந்த வாரங்களை நினைத்தால் எழுந்து நடக்க வேண்டும் போலிருக்கிறது.

என் பொறுப்பில் இருந்த சப்-டிவிஷனில் ஈஜிபுராவும் அதை ஒட்டிய தெருக்களும் வரும். ஒரு பக்கம் காவலாளி வைத்த அடுக்குமாடி வளாகங்கள். மறுபக்கம் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும் வாடகை வீடுகள். திருவண்ணாமலை, தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அந்த வீடுகளில் அதிகம். காவிரித் தண்ணீர் பெரிய சாலையில் நன்றாக வரும். உள்ளே போகப் போக மெலிந்து, கடைசித் தெருக்களில் நூலாக ஒழுகும். அந்தத் தெருக்கள் போர்வெல்லை நம்பியிருந்தன. அந்த வருடம் போர்வெல்கள் ஒவ்வொன்றாக வற்றின. மோட்டாரைப் போட்டால் காற்றுதான் வந்தது.

அப்போதுதான் தடை உத்தரவு வந்தது. குடிநீரில் வண்டி கழுவக்கூடாது, தோட்டத்துக்கு விடக்கூடாது, கட்டட வேலைக்கு எடுக்கக்கூடாது, நீச்சல் குளத்தை நிரப்பக்கூடாது. பெரிய வளாகங்களுக்குப் போகும் தண்ணீரில் ஒரு பங்கைக் குறைத்தோம். அப்படி மிச்சமானதை டேங்கரில் ஏற்றி, போர் வற்றிய தெருக்களின் முனையில் வைத்த கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிகளில் நிரப்பினோம். தடை, டேங்கர் இரண்டும் ஒரே உத்தரவில் இருந்தன. அது நெருக்கடி கால உத்தரவு. அப்போது அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

தடை போடுவதில் பெரிய சிக்கல் ஏதும் வரவில்லை. எல்லோருக்கும் பயம் இருந்தது. பயம் இருக்கும்போது மனிதர்கள் சொன்னதைக் கேட்கிறார்கள். ஜீவனஹள்ளியில் என் வீட்டு மாடியில் நாங்களே பாத்திரம் கழுவிய தண்ணீரைத்தான் ரோஜாச் செடிகளுக்கு ஊற்றினோம். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. காவிரி வறண்ட வருடத்தில் இந்தக் கன்னட ஊரில் தண்ணீர் இலாகாவில் தமிழச்சி ஒருத்தி உட்கார்ந்திருப்பதில் ஒரு சங்கடமும் உண்டு. என் கன்னடத்தில் குறை சொல்ல முடியாது, இங்கேயே பிறந்து வளர்ந்தவள். இருந்தும் நான் தமிழச்சி என்று தெரிந்ததும் சிலர் ஒரு நொடி தாமதிப்பார்கள். அந்த ஒரு நொடிக்காகவே நான் எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்க்கப் பழகியிருந்தேன்.

மழைக்கு மறுநாள் நேரில் வந்த முதல் ஆளின் பெயர் செல்வம். பெரிய சாலையில் தகரக் கூரை போட்டு வாட்டர் சர்வீஸ் நடத்திவந்தவர். பைக், கார், ஆட்டோ எல்லாம் கழுவுவார்கள். தடை வந்ததும் எங்கள் ஆட்கள்தான் போய் அவர் மோட்டார் இணைப்பைத் துண்டித்து முத்திரை வைத்தார்கள். அப்போது அவர் சண்டை போடவில்லை. வேலை செய்தவர்களில் சிலர் ஊருக்குப் போய்விட்டார்கள், மற்றவர்கள் ஹெப்பகோடிப் பக்கம் கம்பெனிகளில் ஒப்பந்த வேலைக்குப் போனார்கள். செல்வம் மட்டும் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டு, ஷெட்டுக்கு வாடகையும் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

அன்று காலை நனைந்த சட்டையோடு என் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"மேடம், மழை வந்துடுச்சி. ஷெட்டைத் திறந்துக்கலாமா?"

உத்தரவு வரவில்லை என்றேன். தலையாட்டிவிட்டு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும். குரலை உயர்த்தவே இல்லை. நான் வண்டியை விட்டு இறங்கும்போது எழுந்து நிற்பார், என் முகத்தைப் பார்த்துப் பதிலைத் தெரிந்துகொண்டு திரும்ப உட்காருவார். கத்துகிறவர்களை என்னால் சமாளிக்க முடியும். இவர் அப்படி எழுந்து நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை. சுத்திகரித்த கழிவுநீரில் கழுவலாமே என்று ஒருநாள் கேட்டேன். அதையும் பார்த்துவிட்டாராம். அந்தத் தண்ணீர் பெரிய லாரியில்தான் வரும், அவர் ஷெட்டில் அவ்வளவைத் தேக்கி வைக்கத் தொட்டி இல்லை. ஒரு தடவை அரை லாரி வாங்கிக் கழுவியதில் வண்டியில் வெள்ளை வெள்ளையாகக் கறை படிந்து, வாடிக்கையாளர் சண்டைக்கு வந்துவிட்டார்.

தொலைபேசியில் வந்தவர்கள் வேறு ரகம். ஒரு பெரிய வளாகத்தின் செயலாளர் தினமும் கூப்பிட்டார். பள்ளி விடுமுறை முடியப் போகிறது, நீச்சல் குளம் காலியாகக் கிடக்கிறது, புல்தரை காய்ந்து மண் தெரிகிறது, அணையில் தண்ணீர் ஏறுவதை டிவியில் காட்டுகிறார்கள், இன்னும் எதற்குத் தடை என்று. அவர் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அணையில் தண்ணீர் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

அந்த வாரம் ஒரு மத்தியானம் கடைசித் தெருக்களைப் பார்க்கப் போனேன். நல்ல மழை. சாக்கடை நிரம்பித் தெருவில் முழங்கால் அளவுக்குக் கலங்கல் ஓடியது. அந்த மழையில், தெருமுனைக் கறுப்புத் தொட்டிக்கு முன்னால் பெண்கள் குடை பிடித்துக்கொண்டு குடத்தோடு வரிசையில் நின்றார்கள். குடை இல்லாதவர்கள் பிளாஸ்டிக் சாக்கை மடித்துத் தலையில் போட்டிருந்தார்கள். மேலிருந்து தண்ணீர், காலடியில் தண்ணீர், நடுவில் குடிக்கத் தண்ணீருக்கு வரிசை. உங்கள் திரையில் அந்தத் தெருவின் மழையளவு தெரியும், அந்த வரிசை தெரியாது.

வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவள் ராணி என்ற பெண். அவளை யாரும் நியமிக்கவில்லை. குடம் மாற்றி வைப்பவர்களைப் பார்வையாலேயே பின்னுக்கு அனுப்பினாள். பிரசவித்த பெண் இருக்கிற வீட்டுக்கு முதலில் விட்டாள். குழாயில் ஏதாவது வருகிறதா என்று அவளிடம் கேட்டேன்.

"காத்து வருது மேடம். நேத்து கொஞ்சம் செவப்பா வந்துச்சி, அதுக்கப்புறம் இல்ல. போரும் அப்படியேதான் கிடக்குது."

போர்வெல் மோட்டாரைப் போட்டுக் காட்டச் சொன்னேன். இருமிவிட்டு நின்றது. மழை சிமெண்ட்டில் விழுந்து சாக்கடையில் ஓடிவிடுகிறது. அது மண்ணுக்குள் இறங்கி நிலத்தடிக்குப் போய்ச் சேரப் பல மாதங்கள் ஆகும். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் தொலைபேசியில் பேசியவர்கள் யாருக்கும் இதைப் புரியவைக்க என்னால் முடியவில்லை.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஆள் வந்து ராணியின் கையிலிருந்த இரண்டு குடங்களையும் வாங்கிக்கொண்டார். நிமிர்ந்தால் செல்வம். என்னைப் பார்த்ததும் அங்கேயும் ஒரு கணம் நேராக நின்றார்.

"இவரு எங்க வீட்டுக்காரரு மேடம்" என்றாள் ராணி. "உங்க ஆபீசு பெஞ்சில இருக்கிற நேரம் போகத்தான் எங்களுக்கு."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. தடையை எடுத்தால் செல்வத்தின் ஷெட் திறக்கும். அதே உத்தரவு போனால் ராணியின் தெருவுக்கு டேங்கர் நின்றுவிடும். அது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

அந்தச் சந்தேகத்தை உறுதிசெய்துகொள்ள என் மேலதிகாரியிடம் போனேன். மைசூருப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர், கெட்டிக்காரர். அப்போது அவர் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. வார முடிவில் நிலைமை சீராகிவிட்டது என்று மேலிடத்தில் அறிவிக்கப் போகிறார்கள், அதற்கு முன்னால் கூட்டம், அதில் ஒவ்வொரு சப்-டிவிஷனும் நார்மல் என்று சொல்லவேண்டும் என்றார். டேங்கர் என்னவாகும் என்று கேட்டேன்.

"நோடி, பாருங்க மேடம்" என்றார். "நெருக்கடின்னு சொன்னதாலதான் டேங்கரை ஒப்பந்தத்துல எடுத்தோம். நெருக்கடி இல்லைன்னு அறிவிச்சப்புறம் எந்தக் கணக்குல ஓட்டுறது?"

ஈஜிபுராவின் கடைசித் தெருக்களில் என்ன பார்த்தேன் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படியானால் உங்கள் சப்-டிவிஷனில் மட்டும் நார்மல் இல்லை என்று சொல்லுங்கள், தடை அங்கே தொடரும், டேங்கரும் தொடரும் என்றார். அது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். பெரிய சாலையின் நடுக்கோடுதான் என் எல்லை. எதிர்ப்பக்கத்து வாட்டர் சர்வீஸ் திறந்திருக்கும், இந்தப் பக்கத்துச் செல்வம் என் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், அந்த இரண்டை முதலில் யார் சேர்த்துக் கட்டினார்கள் என்று பாருங்கள். அன்று எனக்கு அது உடனே தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, போய் அவர்களையே கேட்கலாம் என்பதுதான். மக்களிடம் கேட்டு முடிவெடுப்பது நல்லது என்று நம் எல்லோருக்கும் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை, ஓரத்தில் மூடி போட்ட குடங்கள். நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு இருவரும் நின்றார்கள். விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். தடை போனால் ஷெட் திறக்கும், டேங்கர் நிற்கும். தடை இருந்தால் டேங்கர் வரும், ஷெட் திறக்காது. உங்களுக்கு எது பரவாயில்லை?

செல்வம் உடனே பேசினார். அத்தனை நாளில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஷெட்டைத் திறந்தால் போதும், தண்ணீரை விலைக்கு வாங்கிக்கொள்வோம், இன்னும் ஒரு மாதம் போனால் ஷெட்டுக்காரர் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார், அப்புறம் தண்ணீர் வந்து என்ன பயன் என்றார். ராணி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நம்ம வாங்கிக்குவோம். மேல் வீட்டுக்காரங்க எதுல வாங்குவாங்க? பக்கத்து வீட்டுக் கெழவி எதுல வாங்கும்? எல்லாருக்குமா ஷெட்டு இருக்குது?"

"எல்லாருக்கும் நானா பாக்க முடியும்?" என்றார் செல்வம்.

அறை சின்னது, ஒருவரையொருவர் பார்க்காமல் நிற்க அதில் இடமில்லை. செல்வம் கதவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ராணி என்னிடம் மெதுவாகத்தான் கேட்டாள்.

"இதை எங்ககிட்ட எதுக்கு மேடம் கேக்கறீங்க? நாங்க சண்டை போட்டுக்கிறதுக்கா?"

நான் எழுந்துவிட்டேன். படியிறங்கும்போதுதான் புரிந்தது. அவர்கள் எப்படியிருக்கிறார்கள், எவ்வளவு தண்ணீர் தேவை, எத்தனை நாள் தாங்கும் என்று நான் அவர்களிடம் கேட்டிருக்கலாம். அதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்தது. நான் கேட்டது நான் எடுக்கவேண்டிய முடிவை. சம்பளம் எனக்கு, அதிகாரம் எனக்கு, பாரத்தை மட்டும் அந்த ஒற்றை அறையில் இறக்கி வைத்துவிட்டு வரப் பார்த்தேன். யாரைக் கேட்கிறோம் என்பதோடு, எதைக் கேட்கிறோம் என்பதையும் பாருங்கள் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது அந்த ஒரு படிக்கட்டு அனுபவம்தான்.

கூட்டம் தலைமை அலுவலகத்தில் நடந்தது. நீள மேஜை. ஒரு கோடியில் பெரிய அதிகாரி, பக்கத்தில் அறிவிப்பைத் தயார் செய்கிறவர்கள். வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். நார்மல் சார். நார்மல் சார். எனக்கு முன்னால் இருந்தவர்கள் யாரும் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அணை நிரம்புகிறது, பம்பு ஓடுகிறது, புகார் குறைந்திருக்கிறது. நார்மல் என்ற சொல்லுக்குள் அதெல்லாம் அடங்கும். என் முறை நெருங்கியது. என் மேலதிகாரி எதிரில் உட்கார்ந்து மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எஸ்தர் மேடம், ஈஜிபுரா?"

"தடையை எடுக்கலாம் சார். ஆனா நார்மல்னு சொல்ல முடியாது."

பெரிய அதிகாரி நிமிர்ந்தார். கோபப்படவில்லை, களைப்பாக இருந்தார். "ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?" என்றார்.

"உத்தரவுலதான் சார் ஒண்ணு. தெருவுல வேற வேற."

அதற்குமேல் நான் கோர்வையாகப் பேசவில்லை. பேசியதை இப்போது தொகுத்துச் சொல்கிறேன். நகரத்துக்கு வரும் தண்ணீர் போதுமான அளவு ஏறிவிட்டது, அதனால் பிழைப்புக்குத் தண்ணீர் தேவைப்படும் வண்டி கழுவுகிறவர்கள், நாற்றுப் பண்ணைக்காரர்கள், சின்னக் கட்டட வேலைக்காரர்களுக்கு முதலில் விடலாம். பெரிய வளாகங்களுக்குக் குறைத்த பங்கையும் நீச்சல் குளத்தையும் புல்தரையையும் கடைசியில் விடலாம். குழாயின் கடைசியிலிருக்கும் தெருக்களில் தண்ணீர் ஏறும்வரை டேங்கர் ஓடட்டும். தெருக்களின் பெயரைச் சொன்னேன். மழையில் குடை பிடித்து நின்ற வரிசையையும் சொன்னேன். அதைச் சொல்லத் திட்டமிடவில்லை, வாயில் வந்துவிட்டது.

அறிவிப்பு எழுதுகிறவர், படிப்படியாக எடுக்கிறோம் என்றால் செய்தியில் எடுபடாது என்றார். பெரிய அதிகாரி கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, தடை மொத்தமாக நீக்கப்படும், அதில் மாற்றமில்லை, பெயர் சொன்ன தெருக்களுக்கு மட்டும் டேங்கர் இரண்டு வாரம் நீடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். அடுத்த சப்-டிவிஷனைக் கேட்டார். அவர் எழுந்து, "நார்மல் சார்" என்று ஆரம்பித்து, நிறுத்தி, "எனக்கும் ரெண்டு தெரு இருக்குது சார்" என்றார். அதற்குள் நார்மல் சொல்லி உட்கார்ந்துவிட்ட ஒருவரும் கையைத் தூக்கினார். வேறு யாரும் தூக்கவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் என் மேலதிகாரி என்னோடு நடந்து வந்தார்.

"முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார் கன்னடத்தில்.

"சொன்னேன் சார்."

அவர் நின்றார், யோசித்தார். "ஆமாம், சொன்னீங்க" என்றார். பிறகு லிஃப்டுக்காகக் காத்திராமல் படியில் இறங்கிப் போய்விட்டார்.

நான் ஜெயித்ததாக நீங்கள் நினைத்துவிடக் கூடாது. நான் கேட்டதில் பாதிதான் கிடைத்தது. கிடைக்காத பாதி மறுவாரமே தன் வேலையைக் காட்டியது. தடை மொத்தமாகப் போனதும் வளாகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நீச்சல் குளத்தை நிரப்பின, புல்தரைக்குத் தண்ணீர் விட்டன. யாரையும் குறை சொல்ல முடியாது. அனுமதி இருந்தது, செய்தார்கள். பெரிய சாலைக் குழாயில் அழுத்தம் இறங்கியது. கடைசித் தெருக்களில் சிவப்பாகவாவது எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தண்ணீர் அதோடு நின்றுபோனது. வளாகச் செயலாளர் எனக்கு நன்றி சொல்லக் கூப்பிட்டார்.

செல்வம் ஷெட்டைத் திறந்தார். முத்திரையை எடுக்க நானே போயிருந்தேன். தரையைக் கழுவி, பம்பைத் துடைத்து, சாமிப் படத்துக்குப் பூ போட்டிருந்தார். எனக்கு டீ வரவழைத்தார். டீயைக் குடித்து முடிப்பதற்குள் வானம் கறுத்துக்கொண்டு மழை பிடித்தது. அன்றிலிருந்து தினமும் மத்தியானமானால் மழை. மழைக்காலத்தில் காசு கொடுத்து யார் வண்டி கழுவுவார்கள்? கோடை முழுக்க எல்லோரும் அழுக்கு வண்டியை ஓட்டினார்கள், அப்போது கழுவத் தடை. இப்போது தடையில்லை, வண்டியை வானமே கழுவிவிடுகிறது. செல்வம் கூரையின் கீழ் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்ள நினைப்பேன், திரும்பிக்கொள்ள முடியாது. என்ஜின் கழுவுவது, சேறு படிந்த லாரிகளின் அடிப்பாகம் கழுவுவது என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வேலை பிடித்தார். ஷெட் கைவிட்டுப் போகவில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

டேங்கருக்கு இரண்டு வாரம் முடிந்தது. நீட்டிக்கச் சொல்லிக் கேட்டேன். நெருக்கடி இல்லாத ஊரில் நெருக்கடி டேங்கர் எதற்கு என்று ஒரு எழுத்தர் கேட்டார், சரியான கேள்விதான். மறுபடியும் கேட்டேன். ஒவ்வொரு முறையும் ஏதோ சொந்தக்காரர்களுக்குச் சலுகை கேட்பதுபோல எனக்குக் கூச்சமாக இருந்தது. யாரோ அப்படிச் சொல்லவும் செய்தார்கள், அங்கிருப்பவர்கள் எல்லாம் அவருடைய தமிழ் ஆட்கள் என்று. அதை எனக்கு வந்து சொன்னவர் என் மேலதிகாரி. சொல்லிவிட்டு, அடுத்த நீட்டிப்பை நீங்கள் கேட்கவேண்டாம், நான் போகிறேன் என்றார். அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் அவரே தலைமை அலுவலகத்துக்குப் போய் நின்றார். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இதற்கிடையில் நாங்கள் வால்வு நேரங்களை மாற்றி, பெரிய சாலைக்கும் உள்தெருக்களுக்கும் தனித்தனி நேரம் கொடுத்தோம். அந்த விவரம் உங்களுக்கு வேண்டாம், அதில் புத்திசாலித்தனம் ஏதுமில்லை. பொறுமையும் நிறைய வசவும்தான். வளாகங்களிலிருந்து வசவு, உள்தெருக்களிலிருந்து முதல் தண்ணீர் கலங்கலாக வந்ததற்கு வசவு. வறட்சியில் எங்களைத் திட்டாதவர்கள்கூட அப்போது திட்டினார்கள். தண்ணீர் இல்லாதபோது மனிதர்கள் காத்திருக்கிறார்கள். தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்லப்பட்ட பிறகு வராவிட்டால் ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறார்கள். நினைப்பதில் தவறில்லை.

ஒரு காலை ராணி அலுவலகத்துக்கு வந்தாள். அதற்கு முன்னால் அவள் அங்கே வந்ததில்லை. பெஞ்சில் உட்காரவில்லை, நேராக உள்ளே வந்தாள். டேங்கர் வரவில்லையா என்று நான் பதறிக்கொண்டு கேட்டேன்.

"வந்துச்சி மேடம். அதுக்கில்ல. எங்க தெருவில குழாயில தண்ணி நல்லா வருது. ஒரு வாரமா நின்னுடுமோன்னு பாத்துக்கினு இருந்தேன். நிக்கல. இனிமே எங்களுக்கு டேங்கர் வேணாம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நிலைமை சீராகிவிட்டது என்று மாதக்கணக்காக எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருந்தேன். வரிசையில் நின்றவள் வாயிலிருந்து அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன். உட்காரச் சொன்னேன். டேங்கரை நிறுத்தச் சொல்ல உடனே தொலைபேசியை எடுத்தேன்.

"நிறுத்தறதுக்குச் சொல்ல வரல மேடம்" என்றாள். "தொட்டியை எங்க தெருவிலேருந்து எடுத்து பின்னாடி தெருவில வெக்கச் சொல்ல வந்தேன். அங்க இன்னும் ஒரு சொட்டு வரல."

பின்னால் எந்தத் தெரு என்று கேட்டேன். நான் கூட்டத்தில் சொன்ன பெயர்களில் அது இல்லை. எந்த உத்தரவிலும் அது இல்லை.

"அவங்க இத்தனை நாளா எங்க புடிச்சாங்க?"

"எங்க வரிசையிலதான். நீங்க பாத்தீங்களே, சாக்கை மடிச்சித் தலையில போட்டுக்கினு பின்னாடி நின்னாங்களே, அவங்கதான்."

தொலைபேசியைக் கீழே வைத்தேன். மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தவற்றை அப்படியே விட்டுவிட்டு, வழி காட்டச் சொல்லி ராணியோடு கிளம்பினேன். வெளியே தூறிக்கொண்டிருந்தது. அந்தத் தெருவுக்குள் என் ஜீப் நுழையாது என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள்.